பழைய சைலன்சர் வாங்கலாமா மாமா?

கதிர்: மாமா, காரில் சைலன்சர் ஓட்டையாகிவிட்டது. வண்டியை எடுத்தாலே தெருவே திரும்பிப் பார்க்கிறது. பழையது ஒன்று, முன்னாலிருந்து பின்வரை எல்லாக் குழாயோடும் முழு செட்டாக விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே மாடல்தான். மாலைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். எடுத்துவிடட்டுமா?

மாமா: பொறு. அதே மாடல் என்று அவர் சொல்வது பெயரை மட்டும் வைத்து. எந்த வண்டியிலிருந்து கழற்றியது? பெட்ரோலா டீசலா, எஞ்சின் எத்தனை லிட்டர், எந்த வருடம், செடானா ஹேட்ச்பேக்கா? முதலில் இதைக் கேள்.

கதிர்: பெட்ரோல், 1.2 லிட்டர். 2015 வண்டி, செடான். என்னுடையதும் 1.2 தான், ஆனால் 2018 ஹேட்ச்பேக்.

மாமா: அப்படியென்றால் பின் மஃப்ளர், அதாவது சத்தத்தை அடக்கும் டப்பா, பொருந்தாது என்றே வைத்துக்கொள். செடானுக்குப் பின்சக்கரத்துக்குப் பிறகு உடம்பு நீளம். குழாய் நீளம், மஃப்ளர் தொங்கும் கொக்கிகள், ஸ்டெப்னி குழியை ஒட்டி வளையும் வளைவு எல்லாமே மாறும்.

தாத்தா: நீளம்தானே கூட? அறுத்து வெல்டிங் வைத்தால் ஆகாதா சேகர்?

மாமா: நேர்க் குழாய் என்றால் வைக்கலாம் அப்பா. பின் அச்சுக்கு மேலே வளைந்து போகும் இடத்தில்தான் தொல்லை. நிற்கும்போது இடைவெளி இருப்பதுபோல் தெரியும். நாலு பேர் ஏறி ஒரு பள்ளத்தில் விழுந்தால் அச்சு மேலே வந்து குழாயில் இடிக்கும். பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ் பக்கம் குழாய் நகர்ந்துவிட்டால் அந்தச் சூடு வேறு.

மலர்: மாமா, பாப்பா பின்சீட்டில்தான் உட்காருகிறாள். ஓட்டை வழியாகப் புகை உள்ளே வருமா?

மாமா: வரலாம் மலர். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சரிசெய்யும்வரை பாப்பாவை அந்த வண்டியில் ஏற்ற வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவும் கூடாது. கதிர், ஓட்டை எந்த இடத்தில்?

கதிர்: சத்தம் மட்டும்தான் கேட்டேன் மாமா, குனிந்து பார்க்கவில்லை. நான் இப்போது வேலையில் இருக்கிறேன். வண்டி வீட்டில்தான் நிற்கிறது.

மலர்: நான் பார்க்கிறேன்.

மாமா: ஜாக்கி போட்டுக் கீழே நுழையாதே. பக்கவாட்டில் குனிந்து போன் டார்ச் அடித்து எடுத்தால் போதும். காலையிலிருந்து வண்டி ஓடவில்லை அல்லவா? ஓடியிருந்தால் குழாய் நன்றாக ஆறட்டும்.

மலர்: ஓடவில்லை மாமா.

மலர்: (படம்)

மலர்: (படம்)

மலர்: நடுக் குழாயில், முன்பக்க இணைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெல்டிங் ஓரமாகத் துரு தின்றிருக்கிறது. சுற்றிலும் கரி படிந்திருக்கிறது. பின் மஃப்ளர் நன்றாகத்தான் இருக்கிறது.

மாமா: அருமையாக எடுத்திருக்கிறாய். முன்னால் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டருக்கு இரண்டு வயர் போகிறதா?

மலர்: ஆமாம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

மாமா: அவை ஆக்சிஜன் சென்சார்கள். முன்னது எரிபொருள் கலவையைச் சரிபார்க்க, பின்னது கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க. கதிர், விற்பவரின் கன்வர்ட்டரில் சென்சார் மாட்டும் துளை எத்தனை?

கதிர்: (படம்)

கதிர்: ஒன்றுதான் தெரிகிறது மாமா.

மாமா: அப்போது அது உன் வண்டிக்கு ஆகாது. இரண்டாவது சென்சாரை எங்கே மாட்டுவாய்? டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பழைய கன்வர்ட்டர் என்றாலே எனக்குப் பயம். உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான் இருக்கும். அது உடைந்திருந்தால் ஆட்டும்போது கடகடவென்று சத்தம் வரும், உருகி அடைத்திருந்தால் வண்டி இழுக்காது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் திருட்டுச் சரக்கும் புழங்குகிறது. எந்த வண்டியில் இருந்தது என்று தெரியாமல் தொடவே கூடாது.

கதிர்: அப்படியானால் முழுவதையும் விட்டுவிடவா?

மாமா: ஏன் விட வேண்டும்? உனக்குத் தேவை நடுக் குழாய் மட்டும்தானே. உன் 17 எழுத்து சேசிஸ் நம்பரை உதிரிபாகக் கவுண்டரில் கொடுத்து நடுக் குழாயின் பார்ட் நம்பரைக் கேள். விற்பவரிடம் குழாயில் பொறித்த எண்ணைத் துடைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல். கடைசி எழுத்து வரை ஒத்துப்போகிறதா பார். ஒரு எழுத்து மாறினாலும் நீயாக முடிவு செய்யாமல் கவுண்டரிலேயே கேட்டுவிடு.

தாத்தா: எண் துருவில் அழிந்திருந்தால்?

மாமா: அளந்துதான் பார்க்க வேண்டும் அப்பா. இரண்டு முனையிலும் குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டான ஃபிளாஞ்சில் எத்தனை துளை, ஒரு துளை நடுவிலிருந்து அடுத்த துளை நடுவுக்கு எத்தனை மில்லிமீட்டர், முகம் தட்டையா குழிந்ததா, கொக்கிகள் எந்தப் பக்கம். குழாயின் பருமனுக்கு வெர்னியர் அளவுகோல் இல்லாவிட்டால் நூலைச் சுற்றி, வந்த நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் சரி. நூல் 160 மி.மீ. என்றால் குழாய் 51 மி.மீ.

கதிர்: மாமா, கவுண்டரில் போன் செய்து கேட்டுவிட்டேன். அவரும் படம் அனுப்பிவிட்டார். நடுக் குழாய் எண் கடைசி எழுத்து வரை ஒன்றேதான்!

கதிர்: தனியாகத் தருவாரா என்று கேட்டேன். முதலில் தயங்கினார், பிறகு சரி என்றார்.

மாமா: நல்லது. நேரில் போய் எடு. வெல்டிங் ஓரங்களையும் குழாயின் அடிப்பக்கத்தையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பார். வெளியே பளபளப்பாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் சிறு தூரமே ஓடிய வண்டி என்றால் உள்ளே தண்ணீர் தேங்கி அரித்திருக்கும். முனை உள்ளே இறங்கினால் வாங்காமல் வந்துவிடு.

கதிர்: சரி மாமா. கேஸ்கெட்?

மாமா: பழையதைத் திரும்பப் போடாதே. இணைப்பில் புகை கசியாமல் தடுப்பது அதுதான். இரண்டு முனைக்கும் கேஸ்கெட், போல்ட் எல்லாம் புதிது.

மலர்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் மாமா. நடுக் குழாயைத் தாங்கும் ரப்பர் ஒன்று பிய்ந்து தொங்குகிறது.

மாமா: அதனால்தான் குழாய் ஆடி ஆடி வெல்டிங் ஓரம் விட்டிருக்கிறது. கதிர், அந்த ரப்பர்களையும் செட்டாக வாங்கிவிடு.