இரவு ஸ்கோப் இருக்கும்போது லேசர் எதற்கு?

மின்மினி:
ரைபிளில் இரவுப்பார்வை ஸ்கோப் பொருத்தியிருக்கிறேன். ஒளிப்பெருக்கிக் குழாய் உள்ள வகை, டிஜிட்டல் இல்லை. கூடவே ஓர் அகச்சிவப்பு லேசரையும் மாட்டினால் குறி இன்னும் துல்லியமாக அமையும் என்று பயிற்சித் தளத்தில் ஒருவர் சொன்னார். பக்கத்திலேயே நின்றவர் அது வீண் சுமை என்றார். நான் சுடுவது 50 முதல் 200 மீட்டர் வரை, இலக்குத் தாளில் மட்டும். இரண்டும் சேர்ந்தால் உண்மையில் பலன் உண்டா?

கூர்நோக்கு:
இல்லை. ஸ்கோப்புக்குள் ஏற்கெனவே ஒரு குறிச் சிலுவை இருக்கிறது. அதை ஒழுங்காக ஜீரோ செய்துவிட்டீர்கள், அதாவது சிலுவை காட்டும் இடத்திலேயே தோட்டா படும்படி திருத்திவிட்டீர்கள் என்றால், லேசர் அதே சேதியைத்தான் இன்னொரு முறை சொல்லும், அதுவும் கொஞ்சம் தப்பாக.

ஏன் தப்பு என்கிறேன்? லேசர், துப்பாக்கிக் குழலின் பக்கவாட்டில் 5 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 50 மீட்டரில் புள்ளியும் தோட்டாவும் ஒன்றாகச் சேரும்படி ஜீரோ செய்கிறீர்கள். 100 மீட்டரில் புள்ளி மறுபக்கம் 5 செ.மீ. போய்விடும். 200 மீட்டரில் 15 செ.மீ. போதாக்குறைக்கு லேசர் நேர்கோட்டில் போகிறது, தோட்டா வளைந்து இறங்குகிறது. குறிச் சிலுவையில் அதற்கான கோடுகள் உண்டு. லேசர் புள்ளியில் என்ன இருக்கிறது?

இரவாடி:
கூர்நோக்கு அண்ணே, அந்தக் கணக்கு சரிதான். ஆனால் லேசரை ஒரு புள்ளியில் சேர்த்து ஜீரோ செய்கிறவர்களுக்குத்தான் அது பொருந்தும். குழலுக்கு இணையாக ஜீரோ செய்தால் 50 மீட்டரிலும் 5 செ.மீ., 200 மீட்டரிலும் அதே 5 செ.மீ. அதை மனதில் வைத்துக்கொண்டு சுடுவது கஷ்டமே இல்லை.

லேசரின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்கோப்பில் கண்ணை ஒட்ட வைக்க முடியாத நிலை வரும். தடுப்புக்குப் பின்னால் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, கன்னம் ரைபிளின் கட்டையில் படாமல் சுட்டுப் பாருங்கள், அப்போது புரியும். தலையில் இரவுக் கண்ணாடி இருந்தால் புள்ளி விழும் இடத்தைப் பார்த்தே சுடலாம்.

கூர்நோக்கு:
தம்பி, நீங்களே சொல்லிவிட்டீர்கள்: "தலையில் இரவுக் கண்ணாடி இருந்தால்." மின்மினியிடம் அது இல்லை. அவருடைய குழாய் ரைபிளின் மேல் இருக்கிறது. அவர் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்த அடுத்த நொடி அகச்சிவப்புப் புள்ளியும் மறைந்துவிடும். மனிதக் கண் சுமார் 700 நானோமீட்டர் வரைதான் பார்க்கும். அந்த லேசர்களோ 830, 850 பக்கம் வேலை செய்பவை.

இதன் வரலாறும் அதைத்தான் சொல்கிறது. 1945இல் ஒக்கினாவாவில் அமெரிக்கர்கள் கார்பைன் துப்பாக்கியோடு அகச்சிவப்பு விளக்கைச் சேர்த்துக் கட்டினார்கள். அதே காலத்தில் ஜெர்மனியின் வாம்பயர் கருவியிலும் அப்படித்தான். விளக்கு இல்லாமல் எதுவும் தெரியாது. எதிரியிடமும் அதேபோல் ஒரு கருவி இருந்தால் அந்த விளக்கே நம்மைக் காட்டிக்கொடுக்கும். வியட்நாம் போரில் வந்த நட்சத்திர ஒளி ஸ்கோப்தான் விளக்கைத் தூக்கி எறிந்தது. வானத்தில் இருக்கிற வெளிச்சமே அதற்குப் போதும். அப்படிப்பட்ட ஸ்கோப்பின் பக்கத்தில் மறுபடியும் ஒரு விளக்கை மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

இரவாடி:
வரலாறு அங்கேயே நின்றுவிடவில்லையே. குழாய் ரைபிளிலிருந்து ஹெல்மெட்டுக்கு இடம் மாறிய பிறகு, கண்ணாடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சாதாரணக் குறிநோக்கியைப் பார்ப்பது பெரும்பாடாக இருந்தது. அதனால்தான் 1990களில் பெக்-2 போன்ற கருவிகள் பரவின. அதில் குறி காட்ட ஒரு லேசர், வெளிச்சம் போட இன்னொன்று. இவர் நாளைக்கு ஹெல்மெட் கண்ணாடி வாங்க மாட்டார் என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஒளியியல்காரன்:
இருவரும் ஒன்றைத் தவறவிடுகிறீர்கள். குறி லேசர் வேறு, ஒளியூட்டி வேறு. ஒளியூட்டியின் கற்றை விரிந்து பரவும், ஒரு கைவிளக்கு மாதிரி. அமாவாசையில், அதுவும் மரத்தடியில், குழாய்க்குப் பெருக்குவதற்கு ஒளியே கிடைக்காது. படம் முழுக்கப் பொறி பறக்கும். அப்போது ஒளியூட்டியைப் போட்டால் படம் தெளிந்துவிடும். மின்மினியின் ஸ்கோப்புக்கு அது நிச்சயமாக உதவும். குறி லேசர் அப்படி உதவாது.

நான் ஒரு பனி இரவில் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். ஸ்கோப்புக்குள் லேசர் புள்ளியாகத் தெரியவில்லை. வெள்ளிக் கம்பி ஒன்றை ரைபிளிலிருந்து நேராக நீட்டி வைத்தது போல நின்றது. அந்தக் கம்பியின் பளிச்சில் இலக்குத் தாளே கண்ணுக்குச் சிக்கவில்லை. மூன்று மீட்டர் தள்ளி ஈரப் புல் ஒரு கொத்து இருந்தது. கற்றையின் ஓரம் அதில் பட்டதும் படத்தின் கீழ்ப்பாதி வெளுத்துப் போயிற்று. புகையிலும் தூசியிலும் இதே கதைதான்.

இரவாடி:
பனியில் அப்படித்தான் ஆகும், மறுக்கவில்லை. தெளிந்த இரவில் கற்றை அவ்வளவாகத் தெரியாது.

மின்மினி:
அகச்சிவப்பு வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் பச்சை லேசர் போடலாமா? மலிவாக இருக்கிறதே.

ஒளியியல்காரன்:
வேண்டவே வேண்டாம். 532 நானோமீட்டர் பச்சை லேசர் நேரடியாகப் பச்சையை உண்டாக்குவதில்லை. உள்ளே 808இல் ஒரு டயோடு, அது ஒரு படிகத்தைத் தூண்டி 1064ஐ வரவழைக்கிறது, இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கி 532 ஆக்குகிறது. மலிவுச் சரக்கில் வடிகட்டி சரியாக இருக்காது. 808 அப்படியே கசியும். உங்கள் கண்ணுக்கு ஒரு சின்னப் பச்சைப் புள்ளி, ஸ்கோப்புக்கோ பெரிய வெள்ளைப் பூ. சிவப்பு லேசரும் குழாய்க்குப் பளிச்சென்றுதான் தெரியும். மூன்றாம் தலைமுறைக் குழாய் ஏறத்தாழ 450 முதல் 900 நானோமீட்டர் வரை எல்லாவற்றையும் பார்க்கும்.

கூர்நோக்கு:
இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை கண். கண்ணுக்குத் தெரியும் லேசர் பட்டால் கால் நொடிக்குள் இமை மூடிக்கொள்ளும். அகச்சிவப்பு பட்டால் மூடாது, ஏனென்றால் பட்டதே தெரியாது. ஆனால் கண் வில்லை அதையும் விழித்திரையில் குவித்துவிடும். முதல் வகுப்பு லேசர்கள் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு, அவற்றை விட்டுவிடலாம். 3பி வகுப்பு, அதாவது கண்ணைக் கெடுக்கும் சக்தி உள்ளது, என்று ஒட்டியிருப்பதைத் தளத்தில் நாலு பேர் நடமாடும்போது எரிய விடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வலி இருக்காது, பார்வையில் ஓட்டை விழுந்திருக்கும். கற்றை நேராக லென்சுக்குள் விழுந்தால் குழாயிலும் கருகிய புள்ளி நிரந்தரமாக நின்றுவிடும்.

இரவாடி:
இதில் அண்ணனோடு முழு உடன்பாடு. என் லேசர் முதல் வகுப்புதான். சுவிட்சுக்குப் பூட்டு உண்டு, தளத்தில் எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் வந்த பிறகுதான் திறப்பேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு லேசர் நல்ல ஆசிரியர். விசையை இழுக்கும் கணத்தில் புள்ளி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதைப் பின்னால் நிற்பவரும் தன் கண்ணாடியில் பார்த்துச் சொல்லலாம். ஸ்கோப்புக்குள் இருக்கும் குறிச் சிலுவையைச் சுடுகிறவரைத் தவிர யாரும் பார்க்க முடியாது.

கூர்நோக்கு:
அது நியாயம். தோட்டா இல்லாமல் விசைப் பழக்கம் செய்ய ஒப்புக்கொள்கிறேன். சுடும்போது வேண்டாம்.

மின்மினி:
நண்பர் ஒருவரிடம் வெப்பப் பட ஸ்கோப் இருக்கிறது. அவருக்காவது லேசர் உதவுமா?

ஒளியியல்காரன்:
உதவாது. வெப்பக் கருவி 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான கதிரைப் பார்க்கிறது. 850 நானோமீட்டர் புள்ளி அதற்கு இல்லாத பொருள்.

மின்மினி:
சரி. குறி லேசரை விட்டுவிடுகிறேன். ஒளியூட்டி மட்டும் ரைபிளில் இருக்கட்டும், அதுவும் நிலவில்லாத இரவுக்கு. அதை எங்கே மாட்டினால் குழலின் நிழல் படத்தில் விழாது?

ஒளியியல்காரன்:
ஸ்கோப்பின் மேலேயோ பக்கத்திலேயோ, முடிந்தவரை முன்னால் தள்ளி. குழல் முனை கற்றைக்குள் வரக் கூடாது, வந்தால் அதுவே பளிச்சென்று எரிந்து படத்தைக் கெடுக்கும். மாட்டியதும் பத்து மீட்டரில் ஒரு சுவரைப் பார்த்துச் சோதியுங்கள். மாட்டிய பிறகு ஸ்கோப்பின் ஜீரோவையும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். கருவிகளை மாட்டும் பட்டையில் திருகும்போது சில நேரம் அசைந்துவிடும்.