ஒரிஜினலையே தூக்கிச் சாப்பிட்ட கவர் பாட்டு (அடுத்தவங்க பாட்டைத் தன் பாணியில பாடுறது) எது?

பாம்பன்காத்து: மண்டபத்துல ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு நாங்க கிட்டார் வாசிக்கப் போறோம், பழைய இங்கிலீஷ் பாட்டு ஒன்னை நம்ம ஸ்டைல்ல மாத்திப் பாடணும், நல்ல கவர் இருந்தா சொல்லுங்கப்பா

கீழக்கரையான்: கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ்தான் மாப்ள. பாடகர் பாப் டிலன் 1967ல அடக்கமா பாடுன 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்', மறுவருஷமே இவரு எலக்ட்ரிக் கிட்டார்ல புயலாக்கிட்டாரு, அப்புறம் டிலனே மேடையில இவரு மாதிரிதான் வாசிச்சாரு

தொண்டிமீன்: ஜானி கேஷ் 2002ல பாடுன சோகப்பாட்டு 'ஹர்ட்'. எழுதுன ட்ரென்ட் ரெஸ்னரே இனி இது என் பாட்டு இல்லன்னுட்டாரு. கல்யாணத்துல மட்டும் வேணாம், பொண்ணு வீட்டுக்காரவுக எந்திரிச்சுப் போயிருவாக 😂

பாம்பன்காத்து: அப்ப விட்னி ஹூஸ்டனோட 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'?

தொண்டிமீன்: அது டாலி பார்ட்டனோட 1974 பாட்டு பங்காளி, பிரிஞ்சு போறப்ப பாடுறது!! அரேதா ஃபிராங்க்ளின் 'ரெஸ்பெக்ட்' எடுங்க, ஓடிஸ் ரெடிங் பாட்டுதான், ஆம்பள பாடுனத பொம்பள பாடவும் அர்த்தமே மாறிப்போச்சு