கோஸ்ட் 9 தான் வேகமாமே! ரீஸ்டார்ட் நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பது?

வட்டுமணி:
இந்த மன்றத்தின் விண்டோஸ் எக்ஸ்பி இழையில் நேற்று ஒருவர், டிஸ்க்கை முழுதாக ஒரே கோப்பாக பேக்கப் எடுக்கும் கோஸ்ட் மென்பொருளைப் பற்றி, "நார்ட்டன் கோஸ்ட் 9 என்பது கோஸ்ட் 2003-இன் மேம்படுத்திய பதிப்பு, அதனால் பேக்கப் இரண்டு மடங்கு வேகம்" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. அது மேம்படுத்திய பதிப்பே இல்லை. கோஸ்ட்டை விற்ற சிமாண்டெக், 2003-இல் பவர்குவெஸ்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. பவர்குவெஸ்ட்டின் டிரைவ் இமேஜ் என்ற பேக்கப் மென்பொருள்தான் 2004-இல் கோஸ்ட் 9 என்று வந்தது. பழையது விண்டோஸை விட்டு வெளியே வந்து, பழைய எழுத்துத்திரை சிஸ்டமான டாஸில் ஓடும், ஜிஹெச்ஓ கோப்பு எழுதும். புதியது விண்டோஸுக்குள் ஓடும், வி2ஐ கோப்பு எழுதும். பெயர் மட்டும்தான் ஒன்று.

லேத் பட்டறை ஒன்றில் இன்னும் எக்ஸ்பி ஓடும் இயந்திரத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சி டிரைவில் 6 ஜிபி. கோஸ்ட் 2003, இசட்1 என்ற குறைந்தபட்ச சுருக்கம்: 7 நிமிடம். கோஸ்ட் 9: 11 நிமிடம். எங்கே இரண்டு மடங்கு?

புதுவிண்டோ:
அதை எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். அந்த 7 நிமிடத்தில் டாஸுக்கு ரீஸ்டார்ட் செய்த நேரமும், முடிந்து விண்டோஸுக்குத் திரும்பிய நேரமும் இருக்கிறதா?

வட்டுமணி:
பேக்கப் நேரம் என்றால் பேக்கப் நேரம். கோஸ்ட் திரையிலேயே நிமிடத்துக்கு எத்தனை எம்பி என்று ஓடுகிறது. அதைத்தான் பார்த்தேன்.

புதுவிண்டோ:
கல்யாணத்துக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டால் தாலி கட்டின நேரத்தை மட்டும் சொல்கிறீர்கள். கோஸ்ட் 9-இல் வேலையை நிறுத்தவே வேண்டாம். அது பின்னால் ஓடும், நான் பில் போட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அதுதான் வேகம்.

ராத்திரிஷிப்ட்:
இரண்டு பேருக்கும் ஒரே சுருக்க அளவா? 2003-இல் இசட்1 முதல் இசட்9 வரை இருக்கிறது. 9-இல் எதை வைத்தீர்கள்? இமேஜை, அதாவது பேக்கப் கோப்பை, சரிபார்க்கும் டிக் போட்டிருந்தால் அந்த நேரமும் அதில் சேர்ந்திருக்கும்.

வட்டுமணி:
ஸ்டாண்டர்ட் வைத்தேன். டிக் போடவில்லை. எனக்கு இதெல்லாம் தெரியும் தம்பி, ஃப்ளாப்பியிலிருந்து கோஸ்ட் ஓட்டிய காலத்து ஆள் நான். 7 நிமிடம். அதற்குப் பதில் வரவில்லை.

புதுவிண்டோ:
ரீஸ்டார்ட்டைச் சேர்த்தீர்களா? இதற்கும் பதில் வரவில்லை.

அப்புறம், இரண்டாம் நாள் என்ன ஆகும்? 9-இல் இன்கிரிமென்டல் இருக்கிறது, மாறியதை மட்டும் எடுக்கும். உங்கள் 2003 தினமும் அந்த 6 ஜிபியையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

வட்டுமணி:
பேச்சை மாற்றாதீர்கள். முழு பேக்கப் பற்றித்தான் பேச்சு. இரண்டு மடங்கு என்றீர்களா இல்லையா? போன மாதமும் இப்படித்தான், ஹார்ட் டிஸ்க் ஜம்பர் பற்றி நான் சொன்னதைத் தப்பு என்று எழுதிவிட்டு, படம் போட்டதும் காணாமல் போனீர்கள்.

புதுவிண்டோ:
காணாமல் போகவில்லை, ஊருக்குப் போயிருந்தேன். அந்தப் படத்தில் ஜம்பர் இருந்த இடமே தெரியவில்லை.

ராத்திரிஷிப்ட்:
ஜம்பரை விடுங்கள். 2003-ஐ டாஸில் ஓட்டும்போது யுஎஸ்பி டிஸ்க்கில் எழுதினீர்களா, பெட்டிக்குள் கேபிளில் மாட்டிய இன்னொரு ஐடிஇ டிஸ்க்கிலா? டாஸ் டிரைவர் யுஎஸ்பி 1.1-இல் நின்றுவிட்டால் நொடிக்கு 12 மெகாபிட்தான், 7 நிமிடத்தில் 6 ஜிபி நடக்கவே நடக்காது.

வட்டுமணி:
ஐடிஇ-யிலிருந்து ஐடிஇ-க்கு. யுஎஸ்பியில் பேக்கப் எடுக்கிறவன் நான் இல்லை. இன்னொன்றையும் சொல்கிறேன். கோஸ்ட் 9 பெட்டிக்குள்ளேயே கோஸ்ட் 2003 சிடியும் வைத்துத்தான் விற்றார்கள். புதியது எல்லாவற்றிலும் மேல் என்றால் பழையதை ஏன் கூடவே கொடுக்க வேண்டும்?

புதுவிண்டோ:
விண்டோஸ் 98, எம்ஈ வைத்திருப்பவர்களுக்காகக் கொடுத்தது. வேகத்துக்காக இல்லை. இதுகூடத் தெரியாமல் ஃப்ளாப்பிக் காலத்துப் பெருமை எதற்கு?

வட்டுமணி:
பெருமை இல்லை, அனுபவம். அந்தப் பட்டறையில் டிஸ்க் போன அன்று ஜிஹெச்ஓ கோப்பிலிருந்துதான் மறுபடி ஏற்றினேன். மதிய ஷிப்ட் தொடங்குவதற்குள் லேத் ஓடியது. மீட்கும்போது எது வேகம் என்று நீங்கள் ஒரு முறையாவது பார்த்தீர்களா?

புதுவிண்டோ:
இப்போது மீட்பதற்குத் தாவிவிட்டீர்கள். பேச்சை மாற்றுவது யார்?

ராத்திரிஷிப்ட்:
அதே இயந்திரத்தில் பவர் பட்டனிலிருந்து கடிகாரத்தை ஓட்டி இரண்டையும் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

வட்டுமணி:
ஞாயிறு பட்டறை லீவு. அன்று எடுத்துப் போடுகிறேன். ஆனால் ரீஸ்டார்ட் நேரத்தைச் சேர்க்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

புதுவிண்டோ:
அப்படியானால் எடுக்கவே வேண்டாம்.

வட்டுமணி:
7 நிமிடம், 11 நிமிடம். படத்தோடு போடுவேன்.