வில் பிடிக்கும் கையில் நடுக்கம்: விழித்திருக்கும்போதே மூளை ஆபரேஷன் செய்வார்களா?

தந்திமகள்:
அம்மா கர்நாடக வயலின் ஆசிரியை. வலது கையில் எஸென்ஷியல் ட்ரெமர் என்கிற நடுக்க நோய். துரித காலத்தில் வாசித்தால் யாருக்கும் தெரியாது. சவுக்க காலத்தில், அதாவது மெதுவாக, ஒரே வில்லில் ஸ்வரத்தை நீட்டும்போது நாதம் அறுந்து அறுந்து வருகிறது. ப்ராப்ரனலால் மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது, இப்போது கேட்பதில்லை. டாக்டர் தாளில் சுருள் வரையச் சொன்னார். அம்மா நன்றாகவே வரைந்துவிட்டார். "லேசானதுதான், கவலைப்படாதீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா வகுப்பையே நிறுத்திவிட்டார். ஆபரேஷன் நடக்கும்போதே ஒருவர் வயலின் வாசித்தாராமே, உண்மையா? தரையில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு அது ஒத்துவருமா?

ஓடி டெக்னீஷியன்:
உண்மைதான். அமெரிக்காவில் மினசோட்டா ஆர்கெஸ்ட்ராவின் வயலின் கலைஞர் ரோஜர் ஃபிரிஷ், மேயோ கிளினிக் மருத்துவமனையில். அவருக்கும் உங்கள் அம்மாவின் நிலைதான்: நடுக்கம் மிகச் சிறியது, ஆனால் வில்லில் தெரிந்துவிடும். அதனால் அங்குள்ள இன்ஜினியர்கள் வில்லிலேயே அசைவை அளக்கும் சென்சாரைப் பொருத்தினார்கள். அவர் வாசிக்க வாசிக்க, நடுக்கம் திரையில் அலையாக ஓடியது. இந்த ஆபரேஷனில் மூளைக்குள் எலெக்ட்ரோடு, அதாவது மின்சாரம் கொடுக்கும் மெல்லிய கம்பி, வைப்பார்கள். முதல் எலெக்ட்ரோடில் நடுக்கம் குறைந்தது, முழுசாக நிற்கவில்லை. இரண்டாவதையும் வைத்த பிறகே நின்றது. சில வாரங்களில் மேடைக்குத் திரும்பிவிட்டார்.

எலெக்ட்ரோடு போகும் இடம், மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸில் விஐஎம் என்ற சின்னப் பகுதி. வினாடிக்கு நூறு துடிப்புகளுக்கு மேல் மின்சாரம் கொடுத்தால் அங்கே நடுக்கம் அடங்குகிறது என்பதை 1987-ல் பிரான்சின் கிரெனோபிளில் டாக்டர் பெனாபிட் குழு கண்டது. மூளைக்கு வலி தெரியாது, தலைத்தோலை மட்டும் மரக்கவைத்தால் போதும். அதனால்தான் நோயாளி விழித்திருந்து வாசிக்க முடிகிறது.

தரையில் உட்கார முடியாது. தலையை ஃப்ரேமில் பூட்டிவிடுவார்கள், சாய்ந்த நிலையில்தான் இருக்க வேண்டும். வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசித்துப் பழகியவருக்குச் சிரமம்தான். ஆனால் கீர்த்தனை வாசிக்க வேண்டியதில்லை. யாராவது வயலினைப் பிடித்துக்கொள்ள, பஞ்சமத் தந்தியில் நீளமாக ஒரு வில் இழுத்தாலே கையின் நிலை தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை வயலினையும் எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் அம்மா சவுக்கத்தில் வாசிக்கட்டும். சுருள் வரைவது பேனா பிடிக்கும் கைக்கான சோதனை. அம்மாவின் பிழைப்பு வில்லில் இருக்கிறது, அதைப் பார்க்காமல் லேசானது என்று சொல்லவே கூடாது.

காவிரிக்கரை:
எங்கள் பெரியப்பா மிருதங்க வித்வான். மூளையின் இரண்டு பக்கமும் எலெக்ட்ரோடு வைத்தார்கள். கை நன்றாக ஆனது. ஆனால் சொல்கட்டு சொன்னால் நாக்கு குழறியது, தகதிமி தெளிவாக வரவில்லை. செட்டிங்கைக் குறைத்தார்கள்: பேச்சு திரும்பியது, இடது கையில் துளி நடுக்கமும் திரும்பியது. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று அவர் பேச்சைத்தான் தேர்ந்தெடுத்தார்.

உங்கள் அம்மாவும் ஸ்வரம் பாடித்தானே கற்றுக்கொடுப்பார்? வலது கையை ஆள்வது இடது மூளைதான், அந்த ஒரு பக்கம் மட்டும் போதுமா என்று முதலிலேயே கேளுங்கள். அப்புறம், எலெக்ட்ரோடுக்கு மின்சாரம் தரும் பேட்டரியைக் காலர் எலும்புக்குக் கீழே வைத்த பிறகு, பிசியோதெரபியில் டயதெர்மி என்கிற வெப்பச் சிகிச்சை கொடுக்கக் கூடாது, ஆபத்து. போகிற இடமெல்லாம் சொல்லிவிடுங்கள்.

தந்திமகள்:
இருவருக்கும் நன்றி. வயலினோடு போகிறோம். தலையைத் திறக்காமல் அல்ட்ராசவுண்டிலேயே செய்யலாம் என்கிறார்களே?

ஓடி டெக்னீஷியன்:
செய்கிறார்கள். எம்ஆர்ஐயில் பார்த்தபடியே அல்ட்ராசவுண்டை அதே விஐஎம் பகுதியில் குவித்துச் சுடுவார்கள். அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்தது. கம்பி, பேட்டரி எதுவும் வேண்டாம். ஆனால் சுட்டது சுட்டதுதான், மாற்ற முடியாது. எலெக்ட்ரோடு என்றால் பெரியப்பாவுக்குச் செய்ததுபோல் பிறகும் கூட்டலாம், குறைக்கலாம். முடிவு டாக்டருடையதும் அம்மாவுடையதும்தான். வாசிப்பவர் என்றால் என் ஓட்டு எலெக்ட்ரோடுக்கே.