புதுப்பிப்பு: ஆன்டி-ரோ எதிர்ப்பொருளும் கருவிலிருக்கும் குழந்தையின் இதயமும்

லூபஸ் (நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) உள்ள என் தங்கையின் ரத்தத்தில் ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பொருள் இருப்பதையும் அவள் கருவுற்றிருப்பதையும் முன்பு இங்கே எழுதியபோது, குழந்தைக்கு ஆபத்து உண்டா என்று பலர் அக்கறையோடு கேட்டிருந்தீர்கள். இருபத்து நான்காவது வாரம் தாண்டிவிட்டது; குழந்தையின் இதயத் துடிப்பு சீராக இருக்கிறது.

லூபஸில் தோன்றும் தன்னெதிர்ப்பொருட்கள் (சொந்த உடலையே குறிவைக்கும் எதிர்ப்பொருட்கள்) எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரானது பலருக்குச் சிறுநீரகப் பாதிப்போடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஆன்டி-ரோவோ, தாய்க்கு நோய் அடங்கியிருக்கும்போதும் ரத்தத்தில் நீடித்து, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைந்து, இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் செல்லும் பாதையில் அழற்சியையும் தழும்பையும் உண்டாக்கக்கூடும். இந்த எதிர்ப்பொருள் உள்ள தாய்மாரில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேரின் குழந்தைகளுக்கே இது நேர்கிறது என்பதை அஞ்சியிருப்போர் அவசியம் அறிய வேண்டும். ஆனால் அந்த மின்தூண்டல் பாதையில் முழு அடைப்பு ஏற்பட்டுவிட்டால் அது மாறுவதில்லை. அத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு, இதயத்தைத் துடிக்கத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படுகிறது.

பதினெட்டு முதல் இருபத்து நான்கு வாரம் வரையே ஆபத்து மிகுதி என்பதால், அக்காலத்தில் மருத்துவர் ஒவ்வொரு ஸ்கேனிலும் டாப்ளர் அலைகளில் மேலறைச் சுருக்கத்துக்கும் கீழறைச் சுருக்கத்துக்கும் இடையிலான நேரத்தை அளந்தார். தங்கை லூபஸுக்கான மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நிறுத்தவே இல்லை. முந்தைய குழந்தைக்கு அடைப்பு ஏற்பட்ட தாய்மாரிடம், அது மீண்டும் வருவதை இம்மருந்து பாதிக்கு மேல் குறைத்ததாக 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. கர்ப்பம் என்றதும் மருத்துவரைக் கேட்காமல் இதை நிறுத்திவிடாதீர்கள்.

பிறந்ததும் குழந்தைக்கு ஈ.சி.ஜி. எடுப்பார்கள். இதே எதிர்ப்பொருளால் குழந்தையின் தோலில் தடிப்பு தோன்றினாலும், தாயின் எதிர்ப்பொருள் வடிந்துவிடும் ஆறு முதல் எட்டு மாதங்களுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும்.