ஒன்பது நாளில் கிளம்ப வேண்டும், ஆல்ப்ஸ் மலையில் நல்ல அறையே கிடைக்கவில்லை. உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். ஜனவரி 15 அன்று அப்பா அம்மாவுக்கு 40ஆவது திருமண நாள். இருவரும் இதுவரை பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. இந்த ஒரு முறையாவது செலவைப் பார்க்காமல் சொகுசாகக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கும் கணவருக்கும் நெடுநாள் ஆசை, ஆனால் விடுப்பு உறுதியானதே நேற்றுத்தான். 11ஆம் தேதி இரவு கிளம்பி 18ஆம் தேதி திரும்ப வேண்டும். மொத்தம் ஆறு பேர்: நாங்கள் இருவர், 9 வயதிலும் 4 வயதிலும் குழந்தைகள், அப்பா (71, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்), அம்மா (68, முழங்கால் வலி, படி ஏற முடியாது). விசா போன வருடம் எடுத்தது, இன்னும் செல்லும்.

ஸ்விட்சர்லாந்தில் வெங்கன் என்ற ஊரைத்தான் மனதில் வைத்திருந்தேன், கார் போகாத ஊர், ரயிலிலேயே போய் இறங்கலாம் என்பதால். புத்தாண்டு முடிந்துவிட்டால் பிப்ரவரி வரை கூட்டம் இருக்காது, விலையும் இறங்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அங்கே நான் தேடிய நல்ல ஓட்டல் ஒன்றில்கூட அந்த வாரம் இடமில்லை. ஒரே ஒரு மரவீடு காலியாக இருக்கிறது. ஆறு பேருக்கும் போதும், சமையல்காரர், வெந்நீர்த் தொட்டி எல்லாம் உண்டு, விலையும் மற்றதில் பாதிதான். உரிமையாளர் முழுப் பணத்தையும் நாளைக்குள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொல்கிறார். அனுப்பிவிடலாமா? நாளை தவறினால் இதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1:
அனுப்பாதீர்கள் தோழி. தயவுசெய்து இன்று இரவு எதையும் அனுப்பாதீர்கள். ஊர் முழுக்க நிரம்பியிருக்கும்போது ஒரு வீடு மட்டும் பாதி விலைக்குக் காலியாக இருக்கிறது, புக்கிங் தளத்தை விட்டு வெளியே வந்து பணம் அனுப்பச் சொல்கிறார், அதுவும் நாளைக்குள். இந்த மூன்றும் சேர்ந்தால் நான் அடுத்த வரியைப் படிக்கவே மாட்டேன். எனக்கு இது நடந்திருக்கிறது, முன்பணம் போனது போனதுதான். வங்கி வழியாகப் போன பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு, கிரெடிட் கார்டு என்றால் தகராறு எழுப்பவாவது வழி இருக்கும்.

காலையில் இரண்டு வேலை செய்யுங்கள். அந்த வீட்டுப் படங்களைப் படத்தேடலில் போட்டுப் பாருங்கள், வேறு ஊரில் வேறு பெயரில் இதே படம் வரலாம். அப்புறம் வெங்கன் சுற்றுலா அலுவலகத்துக்கே போன் செய்து, இந்தப் பெயரில் இந்த முகவரியில் வாடகை வீடு இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன ஊர், அவர்களுக்குத் தெரியும்.

பதில் 2:
ஏன் அறை இல்லை என்பதற்கு நான் சொல்கிறேன். நீங்கள் கேள்விப்பட்டது பொதுவாகச் சரிதான், புத்தாண்டுக் கூட்டம் போனபின் பள்ளிகளின் பிப்ரவரி விடுமுறை தொடங்கும்வரை ஆல்ப்ஸில் ஓரளவு அமைதி இருக்கும். வெங்கன் மட்டும் விதிவிலக்கு. ஜனவரி நடுவில் அங்கே லாபர்ஹார்ன் பனிச்சறுக்குப் போட்டி நடக்கும், 1930லிருந்து நடக்கிற பழைய போட்டி. அதன் இறக்கப் பாதை 4.4 கிலோமீட்டருக்கு மேல், உலகக் கோப்பைப் பந்தயங்களிலேயே நீளமானது. வீரர்கள், பயிற்சியாளர்கள், தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாரும் சில நாள் முன்பே வந்து இறங்கிவிடுவார்கள், வார இறுதியில் ரசிகர்கள் வேறு. நீங்கள் சரியாக அந்த வாரத்தைக் கேட்டிருக்கிறீர்கள். அறை கிடைத்தாலும் அந்த நெரிசலில் முழங்கால் வலியோடு அம்மாவை ரயிலில் ஏற்றி இறக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தேதியை மாற்ற முடியாது என்றால் ஊரை மாற்றுங்கள்.

பதில் 3:
பிரான்சில் வால் தோரான்ஸ் பாருங்களேன். 2,300 மீட்டர், ஐரோப்பாவிலேயே உயரமான பனிச்சறுக்கு ஊர், பனி இல்லை என்ற பேச்சே இருக்காது. பெரிய ஓட்டல்களும் உண்டு, வாசலிலிருந்தே சறுக்கிப் போகலாம்.

பதில் 2:
சறுக்கத் தெரிந்த இளைஞர்கள் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இங்கே இரத்த அழுத்தம் உள்ள 71 வயதுக்காரர் வந்த முதல் இரவே 2,300 மீட்டரில் தூங்க வேண்டியிருக்கும். உயர நோய் பெரும்பாலும் 2,500க்கு மேல்தான் தொந்தரவு செய்யும் என்றாலும் சிலருக்கு அதற்குக் கீழேயே தலைவலி, தூக்கமின்மை வரும். அதோடு பிரெஞ்சு ஊர்களில் பல இடங்களில் சனி முதல் சனி வரை முழு வாரமாகத்தான் கொடுப்பார்கள், இவர் தேதி அதற்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

நான் ஸ்விட்சர்லாந்திலேயே இருக்கிற செர்மாட் என்பேன். 1,600 மீட்டருக்குச் சற்று மேல். அதுவும் கார் இல்லாத ஊர், ஜூரிக் விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம், விஸ்ப் நிலையத்தில் மாற வேண்டும். நல்ல ஓட்டல்கள் மின்சாரத்தில் ஓடும் சிறு வண்டியை நிலையத்துக்கே அனுப்பும், அம்மா பனியில் ஒரு அடிகூட நடக்காமல் வாசலில் இறங்கலாம். வயதானவர்களுக்குச் சொகுசு என்றால் எனக்கு முதலில் இதுதான். நட்சத்திர எண்ணிக்கை அதற்குப் பிறகு.

புக்கிங் தளத்தில் இடமில்லை என்று வந்தால் விட்டுவிடாதீர்கள், ஓட்டலுக்கு நேரே பேசுங்கள். யாராவது ரத்து செய்த அறை கையில் இருக்கலாம், இரண்டு இரவு ஓர் அறை மூன்று இரவு வேறு அறை என்று ஒட்டுப்போட்டும் தருவார்கள். லிஃப்ட் அறைத் தளம்வரை வருகிறதா, வாசலில் எத்தனை படி என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
சுற்றுலா அலுவலகத்தில் பேசினேன். அப்படி ஒரு வீடே அங்கே இல்லையாம். கை நடுங்கிவிட்டது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

செர்மாட்டில் ஒன்பது ஓட்டல்களுக்குப் பேசினேன், எட்டாவதில் கிடைத்தது. நடுவில் கதவு வைத்த இரண்டு அறைகள், 12 முதல் ஐந்து இரவு, கிரெடிட் கார்டில் கட்டிவிட்டேன். 17ஆம் தேதி காலை கிளம்பி அன்று இரவே விமானம் பிடிக்கலாமா என்று யோசிக்கிறோம். அப்பா அம்மாவை எங்கே கூட்டிப்போவது? அவர்கள் சறுக்கப்போவதில்லை. பனோரமா ரயில் ஒன்று இருக்கிறதே, அதில் போகலாமா?

பதில் 2:
ரொம்ப மகிழ்ச்சி. நீங்கள் கேட்கும் பனோரமா ரயிலான கிளேசியர் எக்ஸ்பிரஸ் அழகுதான், ஆனால் செயின்ட் மோரிட்ஸ் என்ற ஊர் வரை எட்டு மணி நேரம், 4 வயதுப் பிள்ளையோடு வேண்டாம். ஊருக்குள்ளிருந்தே கோர்னர்கிராட் பல்சக்கர ரயில் கிளம்புகிறது, 1898லிருந்து ஓடுகிறது, 33 நிமிடத்தில் 3,089 மீட்டருக்கு ஏற்றிவிடும், மேட்டர்ஹார்ன் சிகரம் எதிரே நிற்கும். வந்த அன்றே உச்சிவரை போகாதீர்கள். முதலில் 2,211 மீட்டரில் இருக்கிற ரிஃபெல்ஆல்ப் நிலையம் வரை மட்டும். இரண்டு நாள் கழித்து, அப்பாவின் மருத்துவர் சரி என்றால் மட்டும், மேலே போய் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுங்கள். 3,883 மீட்டர் வரை போகும் கேபிள் காரும் உண்டு, அதை அப்பாவுக்குத் தவிர்த்துவிடலாம்.

குழந்தைகளுக்கு சுன்னெக்கா என்ற மலைப்பகுதி. மலைக்குள்ளே குடைந்த ரயிலில் சில நிமிடம்தான், மேலே புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவு இருக்கிறது. பயிற்சி வகுப்பை இன்றே பதிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் அறை கிடைத்தும் பயிற்சியாளர் கிடைக்காமல் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

17ஆம் தேதி இரவு விமானம் வேண்டவே வேண்டாம். 2018 ஜனவரியில் கடும் பனியால் செர்மாட்டுக்கு வரும் சாலையும் ரயிலும் மூடப்பட்டு 13,000 சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். ஒரு இரவு ஜூரிக்கில் தங்கிவிட்டு 18ஆம் தேதி ஏறுங்கள்.

பதில் 1:
காப்பீட்டில் பனிவிளையாட்டும் மலை மீட்பும் தனியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் இருக்காது. அப்பாவின் இரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கேட்டவர்:
சரி, 17 இரவு ஜூரிக் என்று மாற்றிவிட்டேன், வகுப்பும் பதிவாகிவிட்டது. உடை எல்லாம் புதிதாக வாங்க வேண்டுமா?

பதில் 1:
பனி உடை, குழந்தைகளுக்கான காலணி, தலைக்கவசம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். உள்ளே போடும் கம்பளி உடை மட்டும் வாங்குங்கள், பருத்தி வேண்டாம், வியர்த்தால் ஈரம் காயாது. அப்பா அம்மா வழுக்காமல் நடக்க, காலணிக்குமேல் மாட்டும் இரும்புப் பல் பட்டை ஒரு ஜோடி ஆளுக்கு. கருப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் எல்லோருக்கும், புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

கேட்டவர்:
குறித்துக்கொண்டேன். அம்மாவிடம் இன்னும் ஊர் பெயரைச் சொல்லவில்லை, ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வந்து படம் போடுகிறேன்.