சிங்க்ரனஸ் கமிட் ஆன் என்றால் டிஸ்க் திணறுகிறது, ஆஃப் என்றால் சலான் காணாமல் போகிறது. உதவுங்கள்

பீன்யா_பட்டறை:
வணக்கம். பெங்களூர் பீன்யாவில் ஒரு பட்டறை, கம்ப்யூட்டர் வேலை எல்லாம் என் தலையில். 90 மெஷின், ஒவ்வொன்றிலிருந்தும் நொடிக்கு ஒரு ரீடிங். ஒரு பைதான் ஸ்கிரிப்ட் அதை வாங்கி போஸ்ட்கிரெஸில் போடுகிறது. டெலிவரி சலானும் அதே டேட்டாபேஸில்தான். சர்வர் என்று மரியாதையாகச் சொல்வது, 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் உள்ள பழைய டெஸ்க்டாப்பை.

காலை 6 மணி ஷிப்டு தொடங்கினால், மதியம் 2 மணிக்குத் திரையில் 11 மணி ரீடிங் ஓடிக்கொண்டிருக்கும். யாரோ சொன்னார்கள் என்று சிங்க்ரனஸ் கமிட்டை (ஒவ்வொரு கமிட்டும், அதாவது உறுதி செய்த பதிவும், டிஸ்க்கில் ஏறும்வரை காத்திருக்க வைக்கும் செட்டிங்) மொத்தமாக ஆஃப் செய்தேன். பறந்தது. செவ்வாய்க்கிழமை கரண்ட் போனது. யூபிஎஸ் ஒரு தடவை கீச்சிட்டுப் படுத்துவிட்டது. திரும்ப ஆன் செய்து பார்த்தால் சலான் 4417 இல்லை. காகிதம் டிரைவர் கையில், லாரி தும்கூர் ரோட்டில். கடைசி எண்ணோடு ஒன்று கூட்டித்தான் புது எண் எடுக்கிறோம், அதனால் அடுத்த லாரிக்கும் 4417! முதலாளி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

வேகமும் வேண்டும், சலானும் போகக்கூடாது. வழி உண்டா?

ராக்கெட்_ரவி:
எஃப்சிங்க்கையும் ஆஃப் பண்ணிடுங்க ப்ரோ, இன்னும் பறக்கும்.

பழைய_டிபிஏ:
தம்பி, ரவி சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சிங்க்ரனஸ் கமிட் ஆஃப் என்றால், கரண்ட் போகும்போது கடைசியாகப் போட்ட சில கமிட்கள் போகும். மாற்றங்கள் முதலில் எழுதப்படும் பதிவேட்டுக்கு வால் (WAL) என்று பெயர். அதை டிஸ்க்குக்கு அனுப்பும் இடைவெளியான வால் ரைட்டர் டிலே 200 மில்லிசெகண்டாகவே இருந்தால் அதிகபட்சம் 0.6 நொடி அளவு. டேட்டாபேஸ் உடையாது. எஃப்சிங்க் என்பது எழுதியதை நிஜமாகவே டிஸ்க்கில் இறக்கச் சொல்லும் கட்டளை. அது ஆஃப் என்றால் டேட்டாபேஸே உடைந்து, பேக்கப்பைத் தேட வேண்டி வரலாம்.

உங்கள் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120. ஒரே கனெக்ஷனில் ஒன்றன்பின் ஒன்றாக கமிட் போட்டால், ஒவ்வொன்றுக்கும் தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஃபைல் சிஸ்டமும் தன் ஜர்னலை எழுதும்போது அந்த 120 இன்னும் குறையும். முதலில் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் (போஸ்ட்கிரெஸோடு வரும் டிஸ்க் சோதனை) ஓட்டி, நொடிக்கு எத்தனை என்று காட்டும் எண்ணைச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கில் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு 'எழுதிவிட்டேன்' என்று டிஸ்க் பொய் சொல்கிறது.

பீன்யா_பட்டறை:
ஓட்டினேன் அண்ணே. எஃப்டேட்டாசிங்க் என்ற வரியில் நொடிக்கு 58.

பழைய_டிபிஏ:
நல்லது, நேர்மையான டிஸ்க். வேண்டியது 90, கிடைப்பது 58. மதியத்துக்குள் மூன்று மணி நேரம் பின்தங்காமல் என்ன செய்யும்? 90 ரீடிங்கையும் சேர்த்து நொடிக்கு ஒரே கமிட்டாகப் போடுங்கள். பாதி நோய் அதிலேயே தீரும். முக்கால் என்றுகூடச் சொல்வேன்.

அப்புறம், இது சர்வர் முழுவதற்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டிய செட்டிங் இல்லை. ஸ்கிரிப்டுக்குத் தனி யூசர் கொடுத்து, அந்த யூசருக்கு மட்டும் ஆஃப் வையுங்கள். சலானுக்கு ஆன். ஒரு சலான் கமிட் ஆகும்போது, வால் பதிவேட்டில் அதற்கு முன்னால் நிற்கும் ரீடிங்குகளும் சேர்ந்தே டிஸ்க்குக்குப் போய்விடும்.

சலான் எண்ணுக்கு யூனிக் (ஒரே எண் இரண்டு தடவை வராதபடி தடை) போடுங்கள். கமிட் முடிந்தது என்று பதில் வந்த பிறகுதான் பிரிண்டருக்கு அனுப்புங்கள்.

கோரமங்களா_குமார்:
எஸ்எஸ்டி மாற்றினால் இதெல்லாம் எதற்கு?

பழைய_டிபிஏ:
மாற்றலாம், கரண்ட் போனால் தாங்கும் கெபாசிட்டர் உள்ளதாகப் பார்த்து. அது இல்லாத மலிவு சரக்கிலும் இதே பொய் வரலாம்.

பீன்யா_பட்டறை:
ரீடிங்கைச் சேர்த்துப் போட்டதிலேயே 2 மணிக்கு 2 மணி ரீடிங் வந்துவிட்டது. யூசரையும் பிரித்தேன். பிறகு மெயின் ஸ்விட்சை நானே நான்கு தடவை அணைத்துப் பார்த்தேன்: ரீடிங் கொஞ்சம் போனது, சலான் ஒன்றும் போகவில்லை. யூனிக் மட்டும் இன்னும் ஏறவில்லை, தொலைந்த சலானைக் கையால் திரும்ப ஏற்றியதால் இரண்டு 4417 இருக்கிறது என்று சண்டை போடுகிறது. தும்கூர் போன காகிதம் திரும்பி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.